நரி வாயில் களஞ்சியச் சாவி



வழக்கமாக நான் பேச வந்தால் நாற்றங்கால், மேலுரம், புகையான் என்று ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்வேன். இன்றைக்கு உரமும் இல்லை, மருந்தும் இல்லை. உங்களை ஒரு கோயிலுக்குக் கூட்டிப் போகலாம் என்று இருக்கிறேன். பக்கத்து ஊர்க் கோயில் இல்லை. ஜப்பான் தேசத்துக் கோயில். நெல்லுக்கென்றே ஏற்பட்ட கோயில்.

‘ஜப்பானுக்கும் நமக்கும் என்ன சார் சம்பந்தம்?’ என்று கேட்பீர்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். 1950களில் ‘ஜப்பான் முறை நெல் சாகுபடி’ என்று ஊர் ஊராகச் சொல்லிக் கொடுத்தார்கள். மேட்டுப்பாத்தி நாற்றங்கால், வரிசை நடவு, வரிசைக்கு நடுவே தள்ளுகிற உருளைக் களைக்கருவி எல்லாம் அந்தப் பெயரோடு வந்தவைதான். 1960களில் தஞ்சைப் பக்கம் குறுவைக்குப் பெயர் வாங்கிய ஆடுதுறை 27 இரகம் இருக்கிறதே, அதற்கு ஒரு பக்கத்துப் பெற்றோர் ஜப்பான் நெல். ஆக, நெல் வழியில் நமக்குத் தெரிந்த வீடுதான். சம்பந்தி வீட்டுக் கோயிலைப் பார்க்கப் போவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

கியோட்டோ என்று ஒரு நகரம். 794ஆம் ஆண்டு தலைநகரானது. அதன்பின் ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஜப்பான் மன்னர்கள் அங்கேதான் இருந்தார்கள். கியோட்டோ ரயில் நிலையத்தில் நாரா போகும் வண்டியில் ஏறினால் இரண்டாவது நிலையம் இனாரி. இறங்கி வெளியே வந்தால் எதிரிலேயே கோயில் வாசல். கோயிலின் பெயர் புஷிமி இனாரி. நாடு முழுக்க இனாரி கோயில்கள் சுமார் 30,000 இருக்கின்றன. அத்தனைக்கும் இதுதான் தலைக் கோயில்.

இது புத்தர் கோயில் இல்லை. ஷின்டோ என்பது ஜப்பானியரின் பழைய வழிபாட்டு முறை. மலையிலும் மரத்திலும் ஆற்றிலும் நெல்லிலும் தெய்வம் குடியிருக்கிறது என்பது அவர்கள் எண்ணம். கோயில் எல்லைக்கு அடையாளமாக இரண்டு கால் நட்டு மேலே இரண்டு உத்தரம் போட்ட சிவப்பு வாசல் ஒன்று நிற்கும். கதவு கிடையாது. அதற்குத் தோரி என்று பெயர்.

தோரியைக் கடந்து போனால் மாடி வைத்த பெரிய வாசல் வருகிறது. அதற்கு முன்னால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நரிச் சிலைகள். ஒன்று வாயில் ஒரு மணியைக் கவ்வியிருக்கிறது. இன்னொன்று ஒரு சாவியைக் கவ்வியிருக்கிறது. உள்ளே போனால் நெற்கதிர் கவ்விய நரியும் உண்டு, ஓலைச்சுருள் மாதிரி ஒரு சுருளைக் கவ்விய நரியும் உண்டு.

‘நரியையா கும்பிடுகிறார்கள்?’ இல்லை. நரி இங்கே தெய்வம் இல்லை, தெய்வத்தின் தூதுவர். நெல்லைத் தின்னும் எலியைப் பிடிக்கிற பிராணி ஆயிற்றே, அதனால் வயல்காரனுக்கு வேண்டியது என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். இருக்கட்டும். அந்தச் சாவி எதற்கு? அது நெல் வைத்திருக்கும் களஞ்சியத்தின் சாவி!

இந்தச் சாவியை மட்டும் மறந்துவிடாதீர்கள். இந்தக் கோயிலுக்கு 1300 ஆண்டுச் சரித்திரம் உண்டு. களஞ்சியச் சாவி எந்தக் காலத்தில் யார் கையில் இருந்தது என்று பார்த்துக்கொண்டே போனால் அந்தச் சரித்திரம் புரிந்துவிடும்.

அம்பு பட்ட பலகாரம்

கோயில் தோன்றியது 711ஆம் ஆண்டு என்பது வழக்கு. அந்த வட்டாரத்தில் ஹதா குலத்தார் செல்வாக்காக இருந்தார்கள். கொரிய நாட்டுப் பக்கமிருந்து கடல் தாண்டி வந்து குடியேறியவர்கள். பட்டு நெசவு தெரிந்தவர்கள். கியோட்டோவின் மேற்கே ஓடும் ஆற்றில் அணை கட்டி வயலுக்குத் தண்ணீர் கொண்டுவந்தவர்கள். தண்ணீர் வந்தால் நெல் வரும். நெல் வந்தால் செல்வம் வரும்.

அந்தக் குலத்தில் ஹதா நோ இரோகு என்று ஒருவர். களஞ்சியம் நிறைய நெல். சாவி அவர் இடுப்பில். செல்வம் மிஞ்சிப்போனால் புத்தி எங்கே போகும் என்று பாருங்கள். பசையரிசியை வேகவைத்து உரலில் இடித்து உருட்டுகிற பலகாரம் ஒன்று ஜப்பானில் உண்டு. மோச்சி என்பார்கள். நல்ல நாள், பெரிய நாளில் தெய்வத்துக்குப் படைக்கிற பண்டம். இந்த மனிதர் அந்த மோச்சியை எடுத்து வைத்து, அம்பு விட்டுப் பழக அதையே குறியாக்கினார்! அம்பு பட்டதுதான் தாமதம். மோச்சி வெள்ளைப் பறவையாகிப் பறந்துபோய் மலை உச்சியில் அமர்ந்தது. அமர்ந்த இடத்தில் நெல் விளைந்தது. ‘இனெ’ என்றால் அவர்கள் மொழியில் நெல். ‘நாரி’ என்றால் விளைந்தது. இனெ நாரி, இனாரி ஆயிற்று என்று அந்த நாட்டின் பழைய வட்டார ஏடு ஒன்று சொல்கிறது.

கதையின் கடைசிப் பகுதிதான் எனக்குப் பிடித்தது. இரோகுவின் பின்வந்த தலைமுறையினர் முன்னோர் செய்த பிழைக்கு வருந்தினார்கள். கோயில் மரக்கன்றைப் பிடுங்கிக்கொண்டு போய் வீட்டில் நட்டு வழிபட்டார்கள். கன்று தழைத்தால் நல்ல காலம், பட்டுப்போனால் இல்லை. அந்த வழக்கத்தின் மிச்சம் இன்றும் இருக்கிறது. ஜப்பானியர் பழைய முறையில் நாட்களைப் பன்னிரண்டு பிராணிகளின் பெயரால் எண்ணுவார்கள். பிப்ரவரியில் வரும் முதல் குதிரை நாளில் இந்தக் கோயிலில் திருவிழா. அன்றைக்கு வருகிறவர்களுக்கு ஊசியிலை மரக் கொத்து ஒன்று கொடுத்தனுப்புகிறார்கள்.

தெய்வத்தின் பெயர் உகா நோ மிதாமா. அதன் பொருளே உணவின் உயிர் என்பதுதான். 720ஆம் ஆண்டில் எழுதி முடிக்கப்பட்ட நிஹோன் ஷோக்கி என்ற சரித்திர ஏட்டில் இந்தத் தெய்வம் பிறந்த விதம் ஒரே வரியில் வருகிறது. உலகத்தைப் படைத்த தாயும் தந்தையும் பசித்திருந்த நேரத்தில் பெற்ற பிள்ளையாம். வயிறு நிறைந்தவன் வீட்டில் பலகாரம் விளையாட்டுப் பொருளானது. வயிறு காய்ந்த நேரத்தில்தான் நெல் தெய்வமாகப் பிறந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நெல்தான் பணம்

இப்போது அந்த மாடி வாசலுக்குத் திரும்புவோம். அதைக் கட்டியது 1589இல். கட்டுவித்தவர் டொயோட்டோமி ஹிதேயோஷி. சாதாரண வீட்டில் பிறந்து, படையில் சேர்ந்து, கடைசியில் ஜப்பான் முழுவதையும் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்தவர். அவருடைய தாயார் நோயில் படுத்தபோது, தாய் பிழைத்தால் பத்தாயிரம் கொக்கு நெல் வருமானம் எழுதிவைக்கிறேன் என்று இந்தக் கோயிலுக்கு நேர்ந்துகொண்டார்.

கொக்கு என்றால் ஒரு முகத்தல் அளவு. சுமார் 180 லிட்டர். அரிசியாகச் சொன்னால் ஏறக்குறைய 150 கிலோ. ஒரு ஆளுக்கு ஒரு வருஷத்துச் சாப்பாடு என்று கணக்கு. பத்தாயிரம் கொக்கு என்றால் பத்தாயிரம் பேரின் ஒரு வருஷச் சோறு. ஒரு மகன் தன் தாய்க்காக நேர்ந்தது நியாயம்தான். ஆனால் அந்த நெல்லை விளைவித்தது யார்?

அதே ஹிதேயோஷிதான் நாடு முழுக்க நிலத்தை அளக்க வைத்தார். ஒவ்வொரு வயலும் எத்தனை கொக்கு விளையும் என்று பதிவேட்டில் எழுதினார்கள். 1588இல் குடியானவர் கையிலிருந்த வாள்களையும் பறித்தார். அவருக்குப் பின், 1603 முதல் 1868 வரை ஆண்ட தொக்குகாவா ஆட்சியில் இந்தக் கணக்கே நாட்டின் கணக்காயிற்று. ஒரு சிற்றரசருடைய அந்தஸ்தைச் சொல்ல வேண்டுமானால் எத்தனை ஊர், எத்தனை படை என்று சொல்ல மாட்டார்கள். எத்தனை கொக்கு என்பார்கள். வரியும் நெல், போர்வீரன் சம்பளமும் நெல். விளைச்சலில் பத்துக்கு நாலோ ஐந்தோ வரியாகப் போய்விடும். நெல் விளைவித்த பல வீடுகளில் சட்டியில் வெந்தது வாற்கோதுமையும் தினையும்தான். களஞ்சியச் சாவி அரசர் கைக்குப் போய்விட்டது.

அரசர் நெல்லை என்ன செய்வார்? விற்றுத்தானே காசாக்க வேண்டும்? வரி நெல் ஏராளமாக ஒசாக்கா நகரத்துக்கு வந்தது. அங்கே தோஜிமா என்ற இடத்தில் நெல் வியாபாரிகள் கூடும் சந்தைக்கு 1730இல் அரசு முறைப்படி அனுமதி கொடுத்தது. கிடங்கில் இருக்கும் நெல்லுக்குச் சீட்டு எழுதி, அந்தச் சீட்டை வாங்கி விற்றார்கள். பிறகு கையில் நெல்லும் இல்லாமல், சீட்டும் இல்லாமல், கணக்குப் புத்தகத்திலேயே வருங்கால விலைக்கு வியாபாரம் நடந்தது. இன்றைக்கு ‘முன்பேர வர்த்தகம்’ என்று பேப்பரில் படிக்கிறோமே, அதற்கு உலகத்திலேயே முன்னோடிகளில் ஒன்று இந்த நெல் சந்தைதான். சாவி இப்போது பாதி வியாபாரி கையில்.

சாவி போன வழியே தெய்வமும் போனது. நெல்தான் பணம் என்று ஆனபின், நெல் தெய்வம் பண தெய்வம் ஆவதற்கு எத்தனை நாழி? கடை வைத்தவர்களும் கைத்தொழில் செய்தவர்களும் இனாரியைக் கும்பிட ஆரம்பித்தார்கள். இன்று டோக்கியோ என்கிறோமே, அதற்கு அன்று எதோ என்று பெயர். அந்தப் பட்டணத்தில் எங்கே திரும்பினாலும் கண்ணில் படுபவை மூன்று என்று வேடிக்கையாகச் சொல்வார்கள்: இசேயா என்ற பெயர் வைத்த கடை, இனாரி கோயில், நாய்ப் பீ!

வியாபாரம் பெருக வேண்டியவர்கள் ஆளுக்கொரு தோரி வாசல் செய்து காணிக்கையாக நட ஆரம்பித்தார்கள். அந்த வழக்கம் வளர்ந்து வளர்ந்து இன்று மலை முழுக்கச் சுமார் 10,000 தோரி நிற்கிறது. பிரதான கோயிலுக்குப் பின்னால் மலை ஏறும் பாதையில் ஒன்றை ஒன்று ஒட்டி நட்டிருக்கிறார்கள். சிவப்புக் குகைக்குள் நடப்பது போல இருக்கும். ஏறும்போது வெறும் சிவப்பு மரமாகத்தான் தெரியும். இறங்கும்போது நிமிர்ந்து பார்த்தால் பின்பக்கம் கறுப்பு எழுத்தில் கொடுத்தவர் பெயரும் தேதியும் இருக்கும். பல பெயர்கள் கம்பெனிப் பெயர்கள். மரம்தானே, மழையிலும் ஈரத்திலும் அடி இற்றுப்போகும். பழையதை எடுத்துவிட்டுப் புதியது நடுகிறார்கள். பணம் உள்ளவரைக்கும் பெயர் நிற்கும்.

மின்னல், நெல்லின் துணை

பாதை போய்ச் சேரும் மலைக்கு உயரம் 233 மீட்டர். பெரிய மலை இல்லை. ஆனால் கோயிலுக்கு வேர் அங்கேதான். இங்கே கடைக்காரர் பேச்சு இல்லை. பழைய குடியானவர் பேச்சுத்தான்.

ஜப்பானில் பல ஊர்களில் ஒரு நம்பிக்கை உண்டு. மலைத் தெய்வம் வசந்த காலத்தில் இறங்கி வந்து வயல் தெய்வமாகிறது. நடவு முதல் அறுவடை வரை பயிரோடு இருக்கிறது. அறுப்பு முடிந்ததும் மலைக்குத் திரும்புகிறது. யோசித்துப் பார்த்தால் இது வெறும் கற்பனை இல்லை. வயலுக்கு வரும் தண்ணீர் மலையிலிருந்துதானே இறங்குகிறது? இந்த மலை மண்ணை ஒரு பிடி எடுத்துக்கொண்டு போய்த் தங்கள் வயலில் போட்டால் விளையும் என்று அந்தக் காலத்துக் குடியானவர்கள் நம்பினார்கள். அந்தப் பக்கத்துக் களிமண் பொம்மைகள் பெயர் பெற்றதற்கு அந்த நம்பிக்கையும் ஒரு காரணம்.

இன்னொரு சங்கதி. மின்னலுக்கு ஜப்பான் மொழியில் ‘இனஸுமா’ என்று பெயர். பிரித்துச் சொன்னால் ‘நெல்லின் துணை’. புருஷன் பெண்டாட்டி என்கிறோமே, அந்தத் துணை. மின்னல் வெட்டித்தான் நெல் கருக்கொள்கிறது என்று பழைய ஆட்கள் எண்ணினார்கள். நாமும் ‘பயிர் சூல் கொண்டிருக்கிறது’ என்றுதானே சொல்கிறோம்? கதிர் வரும் பருவமும் இடிமழைப் பருவமும் அங்கே ஒன்றாக வந்ததால் அப்படித் தோன்றியிருக்கலாம்.

விஞ்ஞானம் படித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். காற்றில் நூற்றுக்கு 78 பங்கு தழைச்சத்து வாயு. பயிர் அதை நேராக எடுக்க முடியாது. மின்னலின் சூட்டில் அதில் கொஞ்சம் மாறி மழையோடு மண்ணில் இறங்குகிறது. ஆக, மின்னல் பயிருக்குத் துணை என்பது முழுப் பொய் இல்லை. ஆனால் அந்த அளவு ஏக்கருக்கு வருஷத்தில் ஏதோ சில கிலோதான். மின்னலை நம்பித் தொழு உரத்தையும் பசுந்தாள் உரத்தையும் விட்டுவிடாதீர்கள்!

எட்டு சென்ட் வயல்

மலை ஏறி இறங்கியாயிற்று. வந்த கூட்டம் பெரும்பாலும் சிவப்பு வாசல்களைப் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடும். நாம் அப்படிப் போகக் கூடாது. இந்தக் கோயில் எல்லைக்குள் ஒரு வயல் இருக்கிறது. பெரிய வயல் இல்லை. நம் கணக்கில் ஏறக்குறைய எட்டு சென்ட். தெய்வத்தின் வயல் என்று அதற்குப் பெயர்.

ஏப்ரல் 12ஆம் தேதி அங்கே விதைப்புச் சடங்கு. அதன் பெயரிலேயே வாய்மடை வருகிறது. வாய்மடையில் வணங்கி விதை தூவுகிறார்கள். ஜூன் 10இல் நடவு. ஒரு பக்கம் பெண்கள் இசைக்கேற்ப நிதானமாக ஆடுகிறார்கள். ஒரு பக்கம் பழைய கால உடுப்போடு ஆட்கள் சேற்றில் இறங்கிக் கையால் நடுகிறார்கள். அக்டோபர் 25இல் அரிவாளால் அறுப்பு. நவம்பர் 8இல் வைக்கோலை நெருப்பிலிட்டு நன்றி சொல்கிறார்கள். நவம்பர் 23இல் புது நெல் படையல். பத்தாயிரம் வாசலில் கம்பெனிப் பெயர் இருக்கட்டும், படையலுக்கு நெல் அந்த எட்டு சென்ட்டிலிருந்துதான் வருகிறது. இந்த மட்டும் அவர்கள் விடவில்லை.

கோயில் விடவில்லை, நாடு என்ன செய்தது என்றும் சொல்லிவிடுகிறேன். 1873இல் புதிய அரசு நில வரியை நெல்லிலிருந்து காசுக்கு மாற்றியது. நிலத்தின் மதிப்பில் நூற்றுக்கு மூன்று. விளைந்தாலும் விளையாவிட்டாலும் அதே காசு. வரிக் கெடுவுக்குப் பயந்து எல்லோரும் அறுவடையான கையோடு விற்றார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் விற்றால் விலை என்னாகும்? குடியானவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். 1877இல் வரியை இரண்டரையாகக் குறைத்தார்கள். அதற்குள் நிலத்தை இழந்து குத்தகைக்காரரானவர் ஏராளம்.

1918இல் அரிசி விலை ஏறியபோது, தொயாமா கடற்கரையில் மீனவர் வீட்டுப் பெண்கள், எங்கள் ஊர் அரிசியைக் கப்பலேற்றாதே என்று மறித்தார்கள். கலகம் நாடெங்கும் பரவி, அந்த வருஷமே மந்திரிசபை விலகியது. 1942 முதல் 1995 வரை உணவுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி நெல் அரசாங்கத்தின் பொறுப்பில் இருந்தது. சாவி அரசு கையில். நடுவே 1946இல் நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்து, குத்தகை நிலத்தில் பெரும்பகுதி உழுதவர் கைக்கே வந்தது. 1300 ஆண்டில் குடியானவன் நிமிர்ந்து நின்ற காலம் அதுதான்.

ஆனால் தட்டில் சோறு குறைந்தது. 1962இல் ஒரு ஆள் வருஷத்துக்கு 118 கிலோ அரிசி சாப்பிட்டார். இன்று அதில் பாதியைத் தாண்டவில்லை. நெல் மிஞ்சியது. நடாதே, பணம் தருகிறேன் என்று 1970 வாக்கில் ஆரம்பித்த திட்டம் 2018 வரை ஓடியது. 2000இல் முக்கியமாக விவசாயத்தை நம்பியவர்கள் சுமார் 24 இலட்சம் பேர், 2020இல் 13.6 இலட்சம். அவர்களின் சராசரி வயது 68 ஆகிவிட்டது. பிள்ளைகள் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள். 2023 கோடை வெப்பத்தில் நெல்லின் தரம் கெட்டது. 2024 கோடையில் கடைகளில் அரிசித் தட்டுகள் காலி. 2025இல் விலை முந்தைய ஆண்டைப் போல இரண்டு மடங்கு. அரசு சேமிப்புக் கிடங்கைத் திறந்து அரிசியை வெளியே விட்டது. அவ்வளவு பணம் உள்ள தேசம், அவ்வளவு கோயில் உள்ள தேசம், ஒரு மூட்டை அரிசிக்கு வரிசையில் நின்றது!

அன்பர்களே, தெய்வத்தைக் குறை சொல்ல இந்தப் பேச்சு இல்லை. அம்பு விட்டவர் கதையை மட்டும் மறுபடி நினையுங்கள். நெல்லைக் குறியாக வைத்து விளையாடியது ஒரு இரோகு மட்டும் இல்லை. வரி கேட்டவரும் ஆடினார், சீட்டு எழுதியவரும் ஆடினார், நடாதே என்றவரும் ஆடினார். ஒவ்வொரு தடவையும் வெள்ளைப் பறவை கொஞ்சம் பறந்துவிட்டது. எந்த நரி சாவியைக் கவ்வினாலும், பூட்டுக்கு உள்ளே இருப்பது சேற்றில் இறங்கிய காலின் உழைப்பு. அந்தக் கால் இல்லையென்றால் பூட்டிய களஞ்சியத்தில் காற்றுதான் மிச்சம்.

நம்மால் ஆகக்கூடியது ஒன்று உண்டு. அறுப்பு முடிந்த களத்திலேயே எல்லாவற்றையும் அள்ளிக் கொடுத்துவிடாதீர்கள். விதைநெல்லையும் வீட்டுச் சாப்பாட்டு நெல்லையும் முதலில் ஒதுக்குங்கள். ஈரம் நூற்றுக்கு 14க்குக் கீழே போகும்படி காயவையுங்கள். விதைக்கு இன்னும் ஒன்று இரண்டு குறைந்தால் நல்லது. எலி புகாத, தரை ஈரம் ஏறாத இடத்தில் பலகை போட்டு அடுக்குங்கள். விலை பார்த்து நிதானமாக விற்க முடிந்தவர்கள் மீதியையும் அப்படியே வையுங்கள்.

அந்த அளவுக்காவது களஞ்சியச் சாவி உங்கள் இடுப்பிலேயே இருக்கட்டும்.